முதுகில் வளர்ந்த தாடை

கை ஒடிந்தால் மாவுக்கட்டுப் போட்டுக் காத்திருக்கிறோம். எலும்பு தானே கூடிவிடுகிறது. ஆனால் அந்தத் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. சில சென்டிமீட்டர் எலும்பே இல்லாமல் போய்விட்டால், இரண்டு முனைகளும் சற்று வளர்ந்து பார்த்துவிட்டு ஓய்ந்துவிடும். வாய்ப்புற்றுக்காகக் கீழ்த்தாடையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கு நேர்வது இதுதான். மெல்ல முடியாது, பேச்சு குழறும், உதட்டோரம் எச்சில் வழியும். புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்று மலிந்துகிடக்கும் நம் நாட்டில் இது அரிதான துன்பமல்ல.

இதற்கு இன்றுள்ள நல்ல சிகிச்சை, முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் இருக்கும் ஃபிபுலா எலும்பில் ஒரு துண்டை ரத்தக்குழாய்களோடு எடுத்து, தாடையின் வளைவுக்கு ஏற்ப வெட்டிப் பொருத்துவது. பலன் நன்றாகவே இருக்கிறது. ஆனால் தாடைக்காகக் காலையும் அறுக்க வேண்டும். எல்லா நோயாளிகளின் உடலும் அதைத் தாங்காது.

அப்படித் தாங்க முடியாத ஒருவர் ஜெர்மனியின் கீல் நகரில் இருந்தார். வயது 56. தாடையில் 7 சென்டிமீட்டருக்கும் மேல் எலும்பு இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டு வந்ததால், வேறிடத்தில் எலும்பை வெட்டி எடுப்பது ஆபத்து. பாட்ரிக் வார்ன்கே குழுவினர் அவருடைய தலையை சி.டி. ஸ்கேன் எடுத்து, இல்லாத பகுதியைக் கணினியில் வரைந்து, அதே அளவில் டைட்டானியம் வலைக்கூடு ஒன்று செய்தார்கள். உள்ளே மாட்டெலும்பிலிருந்து பெற்ற தாதுக் கட்டிகளை அடுக்கினார்கள். எலும்பு வளரத் தூண்டும் பிஎம்பி-7 புரதத்தையும், அவருடைய எலும்பு மஜ்ஜையிலிருந்து 20 மில்லிலிட்டரையும் அதில் ஊறவிட்டார்கள். பிறகு அந்தக் கூட்டை முதுகின் அகன்ற தசைக்குள் புதைத்துத் தைத்தார்கள்.

ஏழு வாரம் முதுகில் தாடையைச் சுமந்தார் அந்த மனிதர். உள்ளே புது எலும்பு உருவாவது ஸ்கேனில் தெரிந்தது. கூட்டைத் தசையோடும் ரத்தக்குழாய்களோடும் எடுத்துத் தாடையில் பொருத்தி, குழாய்களைக் கழுத்தின் நாளங்களோடு இணைத்தார்கள். ஒன்பது ஆண்டுகளாக மெல்லத் தேவையில்லாத உணவையே சாப்பிட்டு வந்தவர், நான்கு வாரத்தில் சாசேஜ் வைத்த ரொட்டியைச் சாப்பிட்டார். 2004இல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது.

முதுகில் ஏன் வைக்க வேண்டும்? தாடை எலும்பு ஆராய்ச்சியின் கடினமான முடிச்சு இங்கேதான் இருக்கிறது. எலும்பைப் படைக்கும் செல்களை நாம் ஓரளவு வசப்படுத்திவிட்டோம். மஜ்ஜையிலும் கொழுப்பிலும் இருக்கும் ஸ்டெம் செல்கள், சரியான தூண்டுதல் கிடைத்தால் எலும்பு செல்களாக மாறும். முதலில் கொலாஜன் நாரைச் சுரக்கும். அதன்மேல் கால்சியம் பாஸ்பேட் படிந்து இறுகும். இந்தச் செல்கள் பற்றிக்கொண்டு பரவுவதற்குச் சாரம் வேண்டும். புடலங்கொடிக்குப் பந்தல் போல. நுண்துளைகள் நிறைந்த கால்சியம் பாஸ்பேட் துகள்களே பெரும்பாலும் சாரமாகின்றன. சிலவகைச் சாரங்களை உடல் மெல்லக் கரைத்துவிடும், அந்த இடத்தில் சொந்த எலும்பு நிற்கும்.

ஆனால் உயிருள்ள செல், நுண் ரத்தக்குழாயிலிருந்து சுமார் 0.2 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் பிழைக்கும். அதற்கு அப்பால் ஆக்சிஜன் எட்டாது. பெரிய சாரம் ஒன்றில் கோடிக்கணக்கான செல்களை நிரப்பி வாய்க்குள் வைத்தால், ரத்தக்குழாய் வந்து சேருமுன் நடுவிலிருப்பவை மடிந்துவிடும். புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்ற தாடையிலோ ரத்த ஓட்டமே குறைவு. தசையில் ரத்தத்துக்குப் பஞ்சமில்லை. தசைக்குள்ளும் எலும்பு முளைக்கும் என்பதை 1965இலேயே அமெரிக்காவின் மார்ஷல் யூரிஸ்ட், கால்சியம் நீக்கிய எலும்பைத் தசையில் வைத்துக் காட்டியிருந்தார். பின்லாந்து மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட சிகிச்சையும் இந்த வழிதான்: நோயாளியின் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைச் சாரத்தில் ஏற்றி, வயிற்றுத் தசையில் எட்டு மாதம் வளர்த்து மேல்தாடைக்கு மாற்றினார்கள்.

கீல் நகரத்து வெற்றி நீடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னாளில் டைட்டானியம் வலை முறிந்தது, தொற்றும் ஏற்பட்டது. வளர்ந்த எலும்பில் ஸ்டெம் செல்களின் பங்கு எவ்வளவு, புரதத்தின் பங்கு எவ்வளவு என்பதும் அந்த ஒரு நோயாளியை வைத்துப் பிரித்தறிய முடியாதது. வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தைப் புற்றுநோய் இருந்த இடத்தில் வைக்கலாமா என்ற தயக்கம் மருத்துவர்களுக்கு உண்டு, நியாயமான தயக்கம்தான்.

சிறிய குறைகளில் நிலைமை தெளிவாக இருக்கிறது. பல் விழுந்து நெடுநாளானால் தாடை விளிம்பு தேய்ந்து, செயற்கைப் பல் ஊன்ற எலும்பிருக்காது. நார்வேயின் பெர்கன் நகரில் இப்படிப்பட்ட 11 பேரின் இடுப்பெலும்பு மஜ்ஜையை எடுத்து, ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வகத்தில் ஸ்டெம் செல்களைப் பெருக்கி வரவழைத்து, கால்சியம் பாஸ்பேட் துகள்களோடு கலந்து தாடையில் வைத்தார்கள். தூண்டும் புரதம் எதுவும் சேர்க்கவில்லை. சில மாதங்களில் பல் ஊன்றும் அளவுக்கு எலும்பு வளர்ந்தது. 2018இல் முடிவு வெளியானது. சில மில்லிமீட்டர் கனமுள்ள எலும்புக்குச் சுற்றியிருக்கும் ரத்தமே போதுமானதாக இருந்தது. பெரிய இடைவெளியோடு வருபவருக்கு, இன்றைக்கும் மருத்துவர் முதலில் பார்ப்பது காலைத்தான்.