அரியணை இல்லாத அரண்மனை

செருமனியின் தென்கோடியில், ஆல்ப்ஸ் மலைச்சாரலில் நொய்ஷ்வான்ஸ்டைன் என்னும் கோட்டையரண்மனை விளங்குகின்றது. மியூனிக் நகரில் காலையில் புகைவண்டி ஏறுவோர் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஃபூசன் என்னும் ஊரை அடைவர். அங்கிருந்து பேருந்தில் மலையடிவாரம் சென்று, செங்குத்தான வழியில் அரைமணி நேரத்திற்குமேல் நடந்தால் அரண்மனை வாயிலை எய்தலாம்.

வெண்சுவர்களையும் நெடிய கோபுரங்களையும் காண்போர், இஃது இடைக்காலப் போர்க்கோட்டை என்றே எண்ணுவர். ஆயினும், இதற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது 1869ஆம் ஆண்டிலேதான். பவேரியாவின் மன்னராகிய இரண்டாம் லுட்விக் இதனை எழுப்பினார். 1866ஆம் ஆண்டுப் போரில் அவர் நாடு பிரஷ்யாவிடம் தோற்றது. அதன்பின், போர்க்காலத்தில் அவருடைய படையும் பிரஷ்ய மன்னரின் தலைமைக்கு உட்பட வேண்டியதாயிற்று. நாட்டில் குறைந்துபோன முடியாட்சியின் மாட்சியை மலைமேல் காண விழைந்தார் போலும்!

சுவர்களில் பழங்கதை ஓவியங்கள் பொலிகின்றன. ஆனால், அறைகளை வெப்பக்காற்றால் சூடாக்கும் அமைப்பும், மாடிதோறும் குழாய்நீரும், பணியாளரை அழைக்கும் மின்மணியும் அக்காலப் புதுமைகளே.

அரியணை மண்டபத்தில் பளிங்குப் படிகளுக்கு மேலுள்ள மேடை வெறுமையாக இருக்கின்றது. மன்னரின் கடன் பெருகியது. 1886ஆம் ஆண்டு சூன் திங்களில், மனநலம் குன்றியவரெனக் கூறி அரசாங்கம் அவரை ஆட்சியினின்று நீக்கியது. சில நாள்களில் அவர் ஸ்டார்ன்பெர்க் ஏரியில் உயிரற்றவராகக் காணப்பட்டார். அரியணை செய்யப்பெறவே இல்லை.

மன்னர் தம் தனிமைக்கென எழுப்பிய அவ்வரண்மனை, அவ்வாண்டிலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பெற்றது. 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஒருவருக்காகக் கட்டிய படிகளில் இன்று உலக மக்கள் ஏறுகின்றனர்.