‘வேலிடேஷன்’ என்னும் சொல்லும் கழுகுமலைக் கல்வெட்டுச் சான்றும்

முன்னுரை

‘வேலிடேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல் சட்டம், உளவியல், கணினியியல், ஆய்வு முறையியல் எனப் பல துறைகளில் வழங்குகிறது. தமிழில் எழுதுவோர் பலர் அதனைச் ‘சரிபார்த்தல்’ என்றே பெயர்க்கின்றனர். அப்பெயர்ப்பு ஆய்வு முடிவுகளையும் பிழைபடுத்தக்கூடும் என்பதை இக்கட்டுரை கழுகுமலைச் சமணக் கல்வெட்டுகளைக் கொண்டு விளக்குகிறது.

சொற்பொருள்

‘வலிமையுடையது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே இதன் வேர். எனவே ஒன்றை வலிவுடையதாக்கல் என்பது அடிப்படைப் பொருளாகும். சட்டத்தில் அது ‘செல்லுபடியாக்கல்’. தமிழ் இங்கு வலிமையை விடுத்துச் ‘செல்’ என்னும் வினையடியைக் கொள்கிறது. செல்லாக்காசு, செல்லாத வாக்கு என்பனவும் அவ்வடியினவே. உளவியலில் ஒருவரது உணர்வு அவர் நிலையில் பொருளுடையது என ஏற்றலை அது குறிக்கும். அவர் கருத்துக்கு உடன்படுதலை அன்று. ஆய்வு முறையியலிலோ, ஒரு சான்று எதனைக் காட்டுவதாகக் கூறப்படுகிறதோ அதனை உண்மையில் காட்டுகிறதா என ஆராய்ந்து நிறுவுதலாகும். சரிபார்த்தலைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘வெரிஃபிகேஷன்’ என்னும் வேறு சொல் உண்டு.

கழுகுமலைச் சான்று

கோவில்பட்டியை அடுத்த கழுகுமலையில், தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களின் கீழ் ஏறத்தாழ நூறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை பெரும்பாலும் திருமேனியைச் செய்வித்தவரின் பெயரையும் ஊரையும் கூறுவன. அவற்றுள் சில ‘குரத்தி’ எனப்படும் சமணப் பெண் ஆசிரியர்களையும் அவர்தம் மாணாக்கரையும் குறிக்கின்றன.

மைப்படியைப் பாறையோடு ஒப்பிட்டு, ‘குரத்தி’ என்னும் வாசிப்புச் சரியா எனக் காண்பது சரிபார்த்தல். அவ்வாசிப்பிலிருந்து எம்முடிவுக்கு வரலாம் என ஆராய்வது வேறு செயல். மாணாக்கர் குறிக்கப்படுவதால், பெண்கள் சமய ஆசிரியராய் இருந்தனர் என்னும் முடிவை இச்சான்று தாங்கும். ஆனால் குரத்தியரைக் கூறும் கல்வெட்டுகளை எண்ணி, அக்காலத் தமிழகத்தில் கற்பித்த பெண்கள் இத்துணையர் எனக் கணக்கிட்டால், அதனை இச்சான்று தாங்காது. திருமேனி செய்விக்கும் வாய்ப்புடையோரும் அவரைச் சார்ந்தோருமே இங்குப் பதிவாகியுள்ளனர். ஒருவரே பல கல்வெட்டுகளிலும் இடம்பெறலாம். வாசிப்பு முற்றிலும் சரியாயிருந்தும் முடிவு பிழையாகலாம். இரு செயல்களையும் ஒரே சொல்லால் குறித்தால் இப்பிழை கண்ணுக்குப் புலப்படாது.

முடிவுரை

எனவே சட்டத்தில் ‘செல்லுபடியாக்கல்’, உளவியலில் ‘உணர்வேற்பு’, ஆய்வில் ‘ஏற்புடைமை நிறுவல்’ எனத் துறைதோறும் சொற்களைப் பிரித்தாளுதல் தகும். ‘சரிபார்த்தல்’ என்பதனை ‘வெரிஃபிகேஷன்’ என்னும் பொருளுக்கே உரியதாக்கலாம். கல்வெட்டு ஆய்வேடுகள் வாசிப்பைச் சரிபார்த்த முறையையும், முடிவின் ஏற்புடைமையை நிறுவிய முறையையும் தனித்தனியே கூறுதல் வேண்டும்.