காஞ்சியில் படித்தார், காஷ்மீரில் வீழ்ந்தார்!
வீட்டையும் நாட்டையும் ஒருசேர நேசித்த மேஜர் முகுந்த் வரதராஜன்

வாலாஜாபாத் என்றவுடன் நமக்கு என்ன நினைவு வரும்? செங்கற்பட்டு – அரக்கோணம் ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷன், காஞ்சிபுரம் போகிற பஸ் நின்று புறப்படும் ஒரு கடைத்தெரு, அவ்வளவுதான்.

இராணுவத்தாரைக் கேட்டுப் பாருங்கள், பதில் வேறு விதமாக இருக்கும். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இந்தச் சிற்றூர் ஒரு காலத்தில் பெரிய பட்டாள முகாம். 1794-ம் ஆண்டில் திரட்டப்பட்ட சென்னைச் சிப்பாய்ப் படை ஒன்று பிற்காலத்தில் "வாலாஜாபாத் லைட் இன்பன்ட்ரி" என்று பெயர் பெற்றது. 1903-ல் அதற்கு 83-வது என்ற எண் கொடுத்தார்கள். முகாம் மறைந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆனால் மதராஸ் ரெஜிமெண்டின் 4-வது பட்டாலியன் இன்றும் அந்தப் பெயரை விடாமல் வைத்திருக்கிறது. வாலாஜாபாத்தைக் கண்ணாலும் பாராத ஜவான்கள் அதன் பெயரைத் தங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்!

அந்த நாளைய சென்னைச் சிப்பாயிடம் ஒரு விசேஷம் உண்டு. பட்டாளம் எங்கே போனாலும் பெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவான். படை நடக்கும், பின்னாலேயே குடும்பங்களும் நடக்கும். வெள்ளைக்கார அதிகாரிகள் இதைப் பார்த்து அலுத்துக்கொண்டார்கள், ஆனாலும் நிறுத்த முடியவில்லை. வீட்டை விட்டுவிட்டு வா என்றால் சிப்பாய் வரமாட்டான்!

இன்றைய சிப்பாய்க்கு அந்தப் பாக்கியம் இல்லை. எல்லைப் பகுதியிலும் கலவரப் பகுதியிலும் அவன் தனியே இருக்கவேண்டும். மனைவியும் மக்களும் எங்கோ ஓர் ஊரில். நடுவே ஒரு டெலிபோன். மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை இந்தப் பிரிவின் கதைதான்.

ஏனாத்தூர் மாணவர்

வாலாஜாபாத்திலிருந்து சில மைல் தூரத்தில், காஞ்சிபுரத்தை ஒட்டி இருக்கிறது ஏனாத்தூர். அங்குள்ள ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயத்தில் பி.காம். படித்தவர் முகுந்த். 1983-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி கோழிக்கோட்டில் பிறந்தார். தகப்பனார் வங்கி உத்தியோகஸ்தர். வீட்டில் இரண்டு பெண்கள், ஒரே பிள்ளை.

பி.காம். படித்த பிள்ளை, வங்கியில் உத்தியோகம் பார்க்கும் தகப்பனார். எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் இதற்கு அடுத்த வரி எழுதப்பட்டே இருக்கும்: பரீட்சை எழுது, வங்கியில் சேர், பென்ஷன் வரை கவலை இல்லை. முகுந்த் அந்த வரியை எழுத விடவில்லை. சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரிக்குப் போய்ப் பத்திரிகைத் தொழிலில் டிப்ளமா படித்தார். பத்திரிகை ஆபீசுக்காவது போனாரா? அதுவும் இல்லை. பாட்டனாரும் நெருங்கிய உறவினர் இருவரும் பட்டாளத்தில் இருந்தவர்கள். அந்தக் காக்கிச் சட்டை சிறு வயதிலேயே மனத்தில் பதிந்துவிட்டது போலும்.

தாம்பரத்தில் இருக்கிறது அந்தக் கல்லூரி. 2004-ல் அங்கேதான் இந்து ரெபேக்கா வர்கீஸ் என்ற மாணவியை அவர் சந்தித்தார். அந்தப் பெண் மலையாளக் கிறிஸ்துவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இவரோ தமிழ்நாட்டு வைதிகக் குடும்பம். மொழி வேறு, மதம் வேறு. போதாததற்குப் பிள்ளை பட்டாளத்துக்குப் போகப்போகிறேன் என்கிறார். பெண்ணைப் பெற்றவர்கள் யோசிக்கமாட்டார்களா? இரண்டு வீடும் யோசித்தன. இளைஞர்கள் இருவரும் அவசரப்படவில்லை. வீட்டாரை உதறிவிட்டு ஓடவும் இல்லை. ஐந்து வருஷம் காத்திருந்தார்கள். 2009 ஆகஸ்டு 28-ந் தேதி கலியாணம் நடந்தது.

இந்த ஐந்து வருஷப் பொறுமையை வீரச் செயல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் சொல்வதில்லை. எதிரியை நோக்கிப் பாய்கிறவனுக்குத் தைரியம் வேண்டும், சரி. மாமனார் வீட்டுச் சம்மதத்துக்காக ஐந்து வருஷம் காத்திருக்கவும் ஒரு தைரியம் வேண்டுமல்லவா?

பரங்கிமலையில் ஒரு விடிகாலை

தாம்பரத்திலிருந்து பரங்கிமலைக்கு மின்சார ரயிலில் அரை மணி நேரங்கூட ஆகாது. அங்கே இருக்கிறது இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம். சீனப் போருக்கு அடுத்த வருஷம், 1963-ல், அதிகாரிகள் போதவில்லை என்று அவசரமாகத் தொடங்கிய பள்ளி. 1988 முதல் கழகம். கல்லூரியை முடித்த வாலிபர்களை எடுத்து, ஒரு வருஷத்துக்குள் அதிகாரியாக ஆக்கி அனுப்புகிறார்கள். விடிவதற்கு முன் ஓட்டம், பகலில் பாடம், மாலையில் மறுபடி ஓட்டம். பயிற்சி முடிந்து அணிவகுத்து வெளியேறும் நாளில், பெற்றோரே வந்து பிள்ளையின் தோளில் நட்சத்திரத்தைக் குத்துவது அங்கே வழக்கம். பெற்ற பிள்ளையைத் தங்கள் கையாலேயே நாட்டுக்கு ஒப்படைப்பது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது!

2005-ல் உள்ளே போன முகுந்த், 2006 மார்ச்சில் லெப்டினெண்டாக வெளியே வந்தார். சேர்ந்தது ராஜபுத்திர ரெஜிமெண்டின் 22-வது பட்டாலியனில்.

தமிழ்ப் பிள்ளைக்கு ராஜபுத்திரப் பட்டாளம்! அதிகாரி எந்த மாகாணத்தவராக இருந்தாலும், தம் கீழ் உள்ள ஜவான்களின் மொழியைப் பேசவேண்டும். அவர்கள் பண்டிகையைக் கொண்டாடவேண்டும். அவர்கள் சாப்பிடும் ரொட்டியைச் சாப்பிடவேண்டும். "போல் பஜ்ரங் பலி கி ஜெய்" என்பது அந்தப் பட்டாளத்தின் போர் முழக்கம். காஞ்சிபுரத்தில் படித்தவர் அதை முழங்கிக்கொண்டு முன்னால் போனார்.

மத்தியப் பிரதேசத்தில் மோ என்ற ஊரிலுள்ள காலாட்படைப் பள்ளியில் சில காலம் இருந்தார். ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் படையில் லெபனானுக்கும் போய்வந்தார். இதற்கிடையே ஒரு பெண் குழந்தை பிறந்தது. 2012 டிசம்பரில் வந்தது காஷ்மீர் உத்தரவு: 44-வது ராஷ்டிரிய ரைபிள்ஸ், ஷோபியான் ஜில்லா.

ஆப்பிள் தோட்டத்து ஊர்

ராஷ்டிரிய ரைபிள்ஸ் என்பது 1990-ல் உள்நாட்டுக் கலகங்களை அடக்குவதற்கென்றே அமைத்த படை. பல ரெஜிமெண்டுகளிலிருந்து ஆட்களைச் சில வருஷங்களுக்கு இரவல் வாங்கி நடத்துகிறார்கள். குடும்பத்துக்கு அங்கே இடமில்லை. லீவு கிடைத்தால் வீடு. கிடைக்காவிட்டால் டெலிபோனில் குழந்தையின் குரல்.

ஷோபியான் ஆப்பிளுக்குப் பெயர் போன இடம். அழகான ஊர்தான், ஆனால் சோதனைக்கு வீடு வீடாகப் போகும் ஜவானுக்கு ஒவ்வொரு தோட்டமும் சந்தேகம். வேலையும் இரட்டை வேலை. ஒரு வீட்டில் துப்பாக்கிக்காரன் இருப்பான், அடுத்த வீட்டில் ஒன்றும் அறியாத கிழவி இருப்பாள். முதலாமவனைப் பிடிக்கவேண்டும், இரண்டாமவளுக்கு ஒரு கீறலும் விழக்கூடாது.

2014 ஏப்ரல் 24-ந் தேதி. லோக்சபைத் தேர்தல். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் அன்றுதான் ஓட்டுப் போட்டன. நம்மவர்கள் விரலில் மையோடு வீடு திரும்பிய அதே நாளில், ஷோபியானை உள்ளடக்கிய அனந்தநாக் தொகுதியிலும் வாக்குப்பதிவு. ஆனால் அங்கே ஓட்டுச்சாவடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சிப்பந்திகள்மீது பயங்கரவாதிகள் சுட்டார்கள். ஒரு தேர்தல் அதிகாரி மாண்டார். தேர்தல் வேலையை முடித்து வீடு திரும்பவேண்டிய மனிதர்!

மறுநாள், ஏப்ரல் 25. காசிபத்ரி என்ற கிராமத்தில் சில பயங்கரவாதிகள் பதுங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. ஹிஸ்புல் முஜாஹிதீன் கூட்டத்தின் தளபதிகளில் ஒருவனான அல்தாப் வானியும் அவர்களில் ஒருவன். முகுந்த் தம் அணியுடன் விரைந்தார்; வீட்டை வளைத்தார்கள். மேஜர் பதவியில் உள்ளவர் பின்னால் நின்று கட்டளையிட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அவர் முன்னால் போனார். கூடவே போனார் சிப்பாய் விக்ரம் சிங்.

சண்டை முடிந்தபோது பயங்கரவாதிகள் மூவரும் இறந்துகிடந்தார்கள். அல்தாப் வானியும் அதில் அடக்கம். விக்ரம் சிங் வீழ்ந்துவிட்டார். முகுந்த் தம் கால்களாலேயே வெளியே வந்தார், வந்தவர் சாய்ந்தார். குண்டு பாய்ந்த உடலோடு அத்தனை நேரம் போரிட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரி வரை உயிர் தாங்கவில்லை. 31 வயது முடிந்து 13 நாள்.

கலியாணமாகி நாலு வருஷம், எட்டு மாதம். கடைசி ஒன்றேகால் வருஷத்துக்கு மேல் காஷ்மீரில். மகளுக்கு மூன்று வயது. தகப்பனார் முகத்தை அந்தக் குழந்தை எத்தனை நாள் பார்த்திருக்கும்? கணக்குப் போட்டுப் பார்க்க மனம் வரவில்லை.

சென்னை பெசன்ட் நகர் மயானத்தில் முழு இராணுவ மரியாதையோடு தகனம் நடந்தது. யாரென்றே அறியாத ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள்.

டில்லியில் தூறல்

2015 ஜனவரி 26. குடியரசு தினம். அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா பிரதம விருந்தாளி. அன்று டில்லியில் தூறல். அப்போது ராஜபாதை என்று வழங்கிய அந்தச் சாலையில், அணிவகுப்பு தொடங்குவதற்கு முன், இரண்டு பெண்கள் ஒருவர்பின் ஒருவராக ஜனாதிபதி பிரணாப் முகர்ஜியின் முன் வந்து நின்றார்கள். ஒருவர் இந்து ரெபேக்கா வர்கீஸ். மற்றவர், அதே காஷ்மீரில் உயிர்நீத்த நாயக் நீரஜ் குமார் சிங்கின் மனைவியார். இருவருக்கும் அசோக சக்கரம் வழங்கப்பட்டது. 1952-ல் ஏற்பட்ட விருது. போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு இதைவிடப் பெரிய விருது இந்தியாவில் கிடையாது. "அமைதிக் கால விருது" என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. எந்த அமைதி, யாருடைய அமைதி என்று அந்த இரு பெண்களைத்தான் கேட்கவேண்டும்.

அந்த இளம் மனைவி கலங்காமல் நின்றதை நாடே பார்த்தது. தம்முடைய துயரத்தை நாடு பார்க்கவேண்டியதில்லை, முகுந்த் எப்படிப்பட்ட மனிதர் என்பதைத்தான் பார்க்கவேண்டும் என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அழுவதற்கு உரிமை உள்ளவர், அழுகையைக் கூட அளந்து வைத்துக்கொண்டார்.

2024 அக்டோபர் 31-ந் தேதி, தீபாவளியன்று, "அமரன்" என்ற படம் வெளிவந்தது. ராஜ்குமார் பெரியசாமி டைரக்ட் செய்த படம். சிவகார்த்திகேயன் முகுந்தாகவும் சாய் பல்லவி இந்துவாகவும் நடித்தார்கள். சண்டைக் காட்சிகளைப் பார்க்கப் போனவர்கள், டெலிபோன் காட்சிகளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். படம் வெற்றி பெற்றதற்கு அதுவே காரணம் என்று சொல்லலாம். துப்பாக்கி பிடித்தவர்கள் நம்மில் சிலர். வெளியூரில் இருப்பவரின் குரலுக்காகக் காத்திருந்தவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு.

படத்தின் புகழ் ஒரு பெயரைச் சுற்றி நின்றுவிட்டது. சிப்பாய் விக்ரம் சிங்குக்கும் மரணத்துக்குப் பின் சௌரிய சக்கரம் வழங்கினார்கள். அவர் ஹரியானாக்காரர். அங்கேயும் ஒரு வீடு, அன்று டெலிபோன் மணி அடிக்கும் என்று காத்திருந்தது.