பழைய கணினியும் பாடம் நடத்தும்

நம் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களில் மாணவர்கள் தயக்கமில்லாமல் கணினியை இயக்குகிறார்கள். "இதன் உள்ளே என்ன நடக்கிறது?" என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. இந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு உதவும் ஒரு பொழுதுபோக்கை ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய வீட்டுக் கணினிகளைப் பழுதுபார்த்து, அவற்றில் நிரல் எழுதுவதுதான் அது.

பள்ளிகளுக்கு வந்த கணினி

திருத்தணியில் என் வீட்டு மேசையில் இருப்பது பிபிசி மைக்ரோ. பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனத்தின் கணினி அறிவுத் திட்டத்துக்காக, கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம் 1981இல் இதை வெளியிட்டது. நம் நாட்டுக் கல்வி வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. மத்திய அரசு 1984-85இல் 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்கான கணினி அறிவுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் முதற்கட்டத்தில் நாடெங்கும் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்குச் சென்றது இந்தக் கணினிதான். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர உயர்கல்வி நிறுவனங்கள் வள மையங்களாகச் செயல்பட்டன.

இதன் நினைவகம் 32 கிலோபைட், அதாவது 32,768 பைட்டுகள். மூன்று மெகாபைட் அளவுள்ள ஒரு கைப்பேசிப் புகைப்படத்தைச் சேமிக்க இதுபோல 96 கணினிகளின் நினைவகம் வேண்டும். தனித் திரை தேவையில்லை, வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே போதும். எழுதிய நிரலை ஒலிநாடாவில் பதிந்துகொள்ளலாம். மின்விசையைப் போட்டதும் 'பேசிக்' மொழி தயாராக நிற்கும்.

பழுதுபார்த்தல் ஓர் அறிவியல் செய்முறை

பழைய கணினியைச் சரிசெய்யும்போது ஊகித்து எதையும் மாற்றக் கூடாது. கவனிக்க வேண்டும், கருதுகோள் அமைக்க வேண்டும், அதைச் சோதிக்க வேண்டும். அறிவியல் வகுப்பில் நாம் சொல்லித்தரும் அதே வரிசைதான்.

ஓர் எடுத்துக்காட்டு. நல்ல நிலையில் உள்ள பிபிசி மைக்ரோ, மின்விசையைப் போட்டதும் முதலில் தாழ்ந்த ஒலியும் பிறகு குறுகிய 'பீப்' ஒலியும் எழுப்பும். மின்சாரம் கிடைத்தவுடன் ஒலிச் சில்லு தானாகவே ஒலிக்கத் தொடங்கும். செயலி விழித்தெழுந்து அதை அடக்கும். எனவே ஒலி நிற்காமல் நீண்டுகொண்டே போனால், மின்சாரம் வருகிறது, ஆனால் செயலி தன் வேலையைத் தொடங்கவில்லை என்று பொருள். ஒலியே கேட்காவிட்டால் முதலில் மின்வழங்கியைச் சந்தேகிக்கலாம். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, காதால் கேட்டு இவ்வளவையும் முடிவு செய்ய முடிகிறது.

செயலி எழாததற்குப் பல நேரங்களில் காரணம் எளிமையானது. சில்லுகள் பொருத்தப்பட்ட தாங்கிகளில் ஆண்டுக்கணக்கில் படிந்த ஆக்சைடு படலம் மின்தொடர்பைத் தடுக்கும். சில்லைப் பதமாகக் கழற்றி, கால்களைத் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்தினால் போதும். உலோகம் ஆக்சிஜனேற்றம் அடைவதைப் பற்றிய வேதியியல் பாடத்துக்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது கடினம். தேவைப்படும் உதிரிபாகங்களைச் சென்னை ரிச்சி தெருவில் தேடுவேன்.

ஓர் எச்சரிக்கை. இக்கணினியின் மின்வழங்கியில் உள்ள சில மின்தேக்கிகளின் மேலுறை வயதாகி விரிசல் விடும். உள்ளே ஈரம் புகுந்தால், மின்சாரம் கொடுத்ததும் புகை வரும். அவற்றை மாற்றாமல் இயக்கக் கூடாது. மின்வழங்கியையும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியையும் மாணவர்கள் திறக்கவே கூடாது. அவற்றில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அந்த வேலை பயிற்சி பெற்றவர்களுக்கு உரியது.

மலைப்படிகளும் ஒரு பைட்டும்

நிரல் எழுதுவதற்கு எங்கள் ஊரே ஒரு கணக்கைத் தருகிறது. முருகன் கோயிலுக்கு ஏறும் படிகள் 365. ஆண்டின் நாட்களுக்குப் படி ஒன்று என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த எண்ணிக்கையை ஒரே ஒரு பைட்டில் எழுதி வைக்க முடியுமா?

கணினியில் ?&70=365 என்று தட்ட வேண்டும். 70 என்று எண்ணிடப்பட்ட நினைவக அறையில் 365ஐ வை என்பது இதன் பொருள். பிறகு 'பிரிண்ட்' கட்டளையோடு ?&70 என்று கேட்டால், திரையில் வரும் விடை 109!

ஒரு பைட்டில் எட்டு பிட்டுகள். அவற்றால் 0 முதல் 255 வரைதான் எண்ண முடியும். பேருந்தின் தூரமானி 99999ஐத் தாண்டியதும் மீண்டும் பூச்சியத்துக்கு வருவதுபோல, 256ஆம் படியில் எண்ணிக்கை பூச்சியமாகிவிடுகிறது. மிஞ்சுவது 365 - 256 = 109. மீதமுள்ள ஒரு 256ஐக் குறிக்க இன்னொரு பைட் வேண்டும். இருமஎண் முறையும் வகுத்தலில் மீதியும் இந்த ஒரு கணக்கில் சேர்ந்து வந்துவிடுகின்றன. "கணினி தப்பாகச் சொல்கிறது" என்று தொடங்கும் மாணவர்கள், "கணினி ஏன் இப்படிச் சொல்கிறது?" என்று கேட்கும் நிலைக்கு வருவதுதான் இதில் நமக்குக் கிடைக்கும் பயன்.

நம் பள்ளியில் என்ன செய்யலாம்?

இந்தக் கணினி கைவசம் இல்லாவிட்டாலும் கவலையில்லை. பிபிசி மைக்ரோவைப் போலவே இயங்கும் எமுலேட்டர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. இணைய உலாவியிலேயே அதை இயக்கி, மேற்கண்ட படிக்கணக்கை ஒரே பாடவேளையில் செய்து பார்க்கலாம். தொடக்க வகுப்புகளில் ஒரு வாய்ப்பாட்டை அச்சிடும் நான்கு வரி நிரலோடு தொடங்கலாம்.

பழுதான கணினி பள்ளியில் இருந்தால், தலைமை ஆசிரியரின் அனுமதி பெற்று, இருப்புப் பதிவேட்டு நடைமுறைகளை முடித்த பிறகு, மின்வழங்கியை அகற்றிவிட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டலாம். செயலி எது, நினைவகம் எது என்று அவர்களே அடையாளம் கண்டு படம் வரையட்டும்.

பிபிசி மைக்ரோவின் 'பேசிக்' மொழியை எழுதியவர் சோஃபி வில்சன். அவரும் அவருடன் பணியாற்றிய ஸ்டீவ் ஃபர்பரும் அடுத்து வடிவமைத்தது ஆர்ம் செயலி. 1985இல் அதன் முதல் சில்லைச் சோதித்ததும் ஒரு பிபிசி மைக்ரோவுடன் இணைத்துத்தான். இன்று ஏறக்குறைய எல்லாக் கைப்பேசிகளிலும் அந்த வழிவந்த செயலியே இருக்கிறது. இதைச் சொன்னதும் மாணவர்கள் தங்கள் வீட்டுக் கைப்பேசியைப் பற்றிக் கேள்விகள் கேட்கத் தொடங்குவார்கள். அந்தக் கேள்விகளிலிருந்து அடுத்த பாடத்தைத் தொடங்கலாம்.