வாயிலை மூடும் உடையும் வாயிலைத் திறக்கும் உடையும்

ஆண்டவர் இயேசு கூறிய உவமைகளுள் ஒன்று, ஒரு மனிதரின் உடையை விவரித்தவாறு தொடங்குகின்றது. லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் வரும் செல்வரின் பெயர் நமக்குத் தெரியாது. அவருக்கு எத்தனை வயல்கள் இருந்தன, என்ன வணிகம் செய்தார் என்பனவும் சொல்லப்படவில்லை. அவர் செவ்வூதா நிற ஆடையும் மெல்லிய சணல் துணியும் உடுத்தினார், நாள்தோறும் விருந்துண்டு மகிழ்ந்தார் என்பதே அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முழு அறிமுகம்.

அக்காலத்தில் செவ்வூதாச் சாயம் கடல் நத்தைகளிலிருந்து எடுக்கப்பட்டது. தீர் நகரம் அதற்குப் பெயர்பெற்றிருந்தது. சிறிதளவு சாயத்துக்கே ஆயிரக்கணக்கான நத்தைகள் தேவைப்பட்டதால், அது அரசரும் பெருஞ்செல்வரும் மட்டுமே வாங்கக்கூடிய பொருளாக இருந்தது. உவமையின் செல்வர் அதனை விழா நாளுக்கென்று பெட்டியில் எடுத்து வைக்கவில்லை. அதுவே அவருடைய வழக்கமான உடை.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இச்செல்வர் திருடியதாகவோ, இலாசரை அடித்து விரட்டியதாகவோ உவமை கூறவில்லை. வாயிலருகே புண்கள் நிறைந்த உடலோடு ஒரு மனிதர் கிடந்தார். செல்வர் அந்த வாயிலைத் தாண்டிச் செல்லாமல் இருந்திருக்க முடியாது. ஆயினும் அவர் இலாசரின் அருகே சென்றார் என்று எங்கும் சொல்லப்படவில்லை. புண்ணிலிருந்து வடிவதைத் தொட்டால் கறைபட்டுவிடும் உடையை அணிந்திருப்பவர் எப்படி அருகே செல்வார்? அந்த உடை அவரை அழகுபடுத்தியது. அதே வேளையில் அவரையும் இலாசரையும் பிரிக்கும் சுவராகவும் நின்றது.

கண்டி இராச்சியத்தில் உடை

உடை ஒரு சுவராக நிற்பதை அறிய நாம் பலஸ்தீனம் வரை செல்ல வேண்டியதில்லை. 1660ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவில் சிறைபிடிக்கப்பட்ட ஆங்கிலேயக் கப்பலோட்டி றொபட் நொக்ஸ், 1679இல் தப்பிச் செல்லும்வரை சுமார் 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றும் பிழைத்த அவர், மக்களின் உடைகளைக் கூர்ந்து நோக்கியதில் வியப்பில்லை. 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூல் அக்காலக் கண்டியின் அன்றாட உடையைப் பற்றி விரிவாகவே பேசுகின்றது.

உயர்குடியினரை ஏனையோரிடமிருந்து பிரித்துக் காட்டிய அடையாளங்களுள் துணியின் நீளமும் ஒன்று என்று அவர் எழுதுகிறார். உயர்குடி ஆண்கள் முழங்காலுக்குக் கீழே பாதிக் கால்வரை உடுத்தினர். அவர்களுடைய பெண்களின் துணி குதிகால்வரை இறங்கியது. அதன் முனையைத் தோளின்மேல் இட்டு மார்பை மூடினர். தாழ்ந்தவர்களாகக் கருதப்பட்ட குலங்களின் பெண்களுக்கோ இடுப்புக்கு மேலே துணியில்லை; கீழேயும் முழங்காலுக்கு அதிகம் தாழ்ந்து உடுத்தலாகாது. குளிருக்காக மட்டுமே தோளின்மேல் துணி போட்டுக்கொள்ளலாம். கையில் காசு இருந்தாலும் ஒரு முழத் துணியைக் கூடுதலாக உடுத்த முடியாத வாழ்வு அது. தெருவில் வரும் ஒருவர் வாய் திறக்கும் முன்னரே, அவர் எங்கே நிற்கவேண்டியவர் என்பதை அவருடைய துணியின் விளிம்பு அறிவித்துவிட்டது.

அரசாட்சி மறைந்தது, வழக்கம் உடனே மறையவில்லை. 1867இல் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கினார். அதன்பின் பரவிய தோட்டங்களிலும் உடை மனிதரைப் பிரித்தது. துரையின் தொப்பியும் நீண்ட காலுறையும் ஒருபுறம். பெரிய கங்காணியின் கோட்டும் தலைப்பாகையும் கடுக்கனும் மறுபுறம். மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்த நம் பாட்டிமாரின் கம்பளியும் இடுப்பில் கட்டிய படங்கும் வேறொரு புறம். துரை எதிரே வந்தால் குடையை மடக்கி, செருப்பைக் கழற்றி ஒதுங்கி நிற்கவேண்டியிருந்த காலத்தை மலையகத்து மூத்தோர் நினைவுகூர்ந்துள்ளனர்.

கூலியாளின் உடையில் ஒரு குரு

நொக்ஸ் தப்பிச் சென்று 13 ஆண்டுகளின் பின், உடையால் மனிதரை அளந்த அதே கண்டிக்கு வேறொரு மனிதர் வந்தார். அவரே இன்று நாம் வணங்கும் புனித யோசப் வாஸ். 1651ஆம் ஆண்டு கோவாவில், பெனோலிம் என்னும் ஊரில், பிராமண மரபைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தம் குலத்துக்குரிய மதிப்போடும் குருவுக்குரிய அங்கியோடும் கோவாவிலேயே வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் இலங்கையின் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்தனர். விசுவாசிகள் திருப்பலியின்றித் தவித்தனர். எனவே 1687இல் அவர் கூலியாளின் உடையில், வெறுங்காலோடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். நோயுற்று, வீடு வீடாகப் பிச்சையெடுத்தார். அவர் கழுத்தில் ஒரு செபமாலை மட்டும் தொங்கியது. அதைக் கண்டு யாருடைய முகம் மலர்கின்றதோ அவரே மறைந்து வாழும் கத்தோலிக்கர் என்று அறிந்துகொண்டார். செவ்வூதா உடை வாயிலில் கிடந்தவரைத் தூரத்தில் நிறுத்தியது. இந்தப் பிச்சைக்கார உடையோ ஒவ்வொரு வாயிலையும் தட்டும் உரிமையைக் குருவுக்குக் கொடுத்தது.

1692இல் அவர் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் நன்மதிப்பைப் பெற்று விடுதலையானார். 1697இல் கண்டியில் அம்மைநோய் பரவியது. வசதியுள்ளோர் நகரைவிட்டு வெளியேறினர். நோயாளரை உறவினரும் கைவிட்டனர். யோசப் வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகனான கர்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடிச் சென்று, புண்களைக் கழுவி, உணவளித்து, இறந்தோரை அடக்கம்செய்தனர். கறைபட்டுவிடும் என்று அஞ்சவேண்டிய உடை அவர்களிடம் இருக்கவில்லை. வாயிலில் கிடந்த இலாசரிடம் அந்தச் செல்வர் செய்யத் தவறியது கண்டித் தெருக்களில் செய்து முடிக்கப்பட்டது.

அவர் 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே இறைவனடி சேர்ந்தார். 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இன்று நமது வாயிலில்

அப்படியாயின் நாம் யாவரும் கந்தல் உடுத்தவேண்டுமா? இல்லை. திருத்தூதர் பணிகள் 16ஆம் அதிகாரத்தில் வரும் லீதியா செவ்வூதாத் துணிகளை விற்ற வணிகப் பெண். ஆண்டவர் அவருடைய உள்ளத்தைத் திறந்தார். அவரோ தம் வீட்டைத் திருத்தூதருக்குத் திறந்துவிட்டார். ஆகவே துணியின் விலையன்று, திறந்த வாயிலே கேள்வி. வாரம் முழுவதும் கொழுந்துக் கூடை சுமக்கும் தாய் ஒருவர், தம்மிடமுள்ள ஒரேயொரு நல்ல சேலையை ஞாயிறு திருப்பலிக்கென மடித்து வைத்திருப்பதும் வீண்பகட்டன்று. அது இறைவனுக்குச் செய்யும் மரியாதை.

இக்காலத்தில் செல்வரை உடையால் அடையாளம் காண்பதும் எளிதன்று. பெரும் வணிகர் சாதாரணப் பருத்திச் சட்டையோடு கடையில் அமர்ந்திருப்பார். அவரிடம் வேலைசெய்பவரோ தம் மகளின் புதுநன்மைக்காகக் கடன்பட்டு விலையுயர்ந்த வெண்ணிற ஆடை வாங்குவார். சில வேளைகளில் மனைவியின் தோடு அடகுக்கடைக்குச் செல்லும். எளிமையாக உடுத்தும் துணிவு செல்வருக்கே கிடைக்கின்றது. எதை உடுத்தினாலும் அவரை யாரும் பின்வரிசைக்கு அனுப்பமாட்டார்கள். ஏழையோ தம்மைப் பிறர் இழிவாக எண்ணாதிருக்க உடையை நாடவேண்டியவராகின்றார். ஆதலால் ‘நான் எளிமையாகவே உடுத்துகிறேன்’ என்று நிறைவடைவது மட்டும் போதாது. நம் முன்னே வருபவர் எளிமையாக உடுத்தியிருந்தால் அவரை எவ்வாறு நடத்துகிறோம் என்பதையும் கேட்டுப் பார்க்கவேண்டும்.

இதே கேள்வியையே யாக்கோபு தம் திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தில் தொடக்ககாலச் சபையிடம் எழுப்பினார். பொன் மோதிரமும் பளபளப்பான உடையும் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும், அழுக்கு உடை அணிந்த ஏழைக்குக் கால்மணையருகே இடமும் கொடுத்தால், அது விசுவாசத்துக்கே முரணானது என்று அவர் கண்டித்தார். நம் பங்குகளில் யாரும் வெளிப்படையாக அவ்வாறு சொல்வதில்லை. ஆயினும், உடுக்க நல்ல உடையில்லை என்ற கூச்சத்தால் திருநாளன்று லயத்து அறையிலேயே தங்கிவிடும் ஒரு குடும்பம் இருக்குமாயின், அந்தக் கூச்சத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? நம்முடைய பார்வைகள்தாமே?

திருமுழுக்கின்போது நம் ஒவ்வொருவருக்கும் ஒரு வெண்ணிற ஆடை அணிவிக்கப்பட்டது. அதில் செல்வருக்கென்று ஒரு நீளம், ஏழைக்கென்று ஒரு நீளம் இல்லை. அந்த நினைவைச் சில எளிய முயற்சிகளால் வாழவைக்கலாம். புதுநன்மை பெறும் பிள்ளைகள் அனைவருக்கும் பங்கே ஒரே வகை அங்கியைத் தைத்து வைத்து, ஆண்டுதோறும் பயன்படுத்தலாம். வசதியுள்ள பெற்றோர் தம் பிள்ளையின் ஆடையைக் குறைத்துக்கொண்டால், வசதியற்ற பெற்றோர் கடன்படவேண்டிய தேவையும் குறையும். கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு ஏழைக் குடும்பத்துக்குத் துணி கொடுப்போர், பழையதை ஒதுக்கித் தள்ளாமல், தம் பிள்ளைக்கு வாங்கும் அதே கடையில் அதே தரத்தில் ஒன்றை வாங்கலாம். இரண்டு அங்கி உள்ளவர் ஒன்றை இல்லாதவரோடு பகிரட்டும் என்று திருமுழுக்கு யோவான் கேட்டுக்கொண்டதும் இதுவே.

யோப்பா நகரில் தபித்தா என்ற பெண் இறந்தபோது, பேதுருவைச் சூழ்ந்து நின்ற கைம்பெண்கள் அழுதுகொண்டே சில ஆடைகளைக் காட்டினார்கள் (திப 9:39). அவை தபித்தா உடுத்திய பட்டாடைகள் அல்ல. அந்த ஏழைப் பெண்களுக்காக அவர் தம் கைகளால் செய்துகொடுத்தவை. தபித்தா என்ன உடுத்தினார் என்பதைத் திருநூல் நமக்குச் சொல்லவில்லை. பிறருக்கு உடுத்தக் கொடுத்ததையே சொல்கின்றது.

நம் அலுமாரிகளைத் திறக்கும் ஒவ்வொரு காலையிலும் இதனை நினைவில் கொள்வோம். அன்று நாம் எடுத்து உடுத்தும் உடை, வாயிலில் நிற்பவர் அஞ்சாமல் நம்மை நெருங்கக்கூடியதாக அமைய புனித யோசப் வாஸ் நமக்காக மன்றாடுவாராக.