உங்களுக்குத் தெரியுமா? முதல் வீடு வாங்கப் போகும் இளஞ்ஜோடிகளுக்கு!

கொழிஞ்சாம்பாறையில் 30 லட்ச ரூபாய்க்கு ஒரு வீடு. எல்லை தாண்டினால் பொள்ளாச்சியில் அதே 30 லட்சத்துக்கு இன்னொன்று. பத்திரச் செலவு ஒன்றுதானே என்கிறீர்களா? இல்லவே இல்லை! கேரளத்தில் முத்திரைத்தாள் 8, பதிவு 2, ஆக 10 சதவீதம். தமிழ்நாட்டில் 7-ம் 2-ம் சேர்ந்து 9. வித்தியாசம் முழுசாக 30,000 ரூபாய்!

அந்தப் பத்திரச் செலவுக்கும் பேங்க் லோன் கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்! வீடு 10 லட்சத்தைத் தாண்டினால், அந்தச் செலவை வீட்டு மதிப்போடு சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 30 லட்சம் வரையிலான கடனில் வங்கி தருவதும் அதிகபட்சம் 90 சதவீதம்தான். ஆக, கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கு உங்கள் கையில் இருக்க வேண்டியது 6 லட்சம்!

மீதி 27 லட்சம் கடன். வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்று வையுங்கள். மாதத் தவணை 23,431 ரூபாய். முதல் தவணையில் அசலுக்குப் போவது எவ்வளவு தெரியுமா? வெறும் 4,306! மற்ற 19,125-ம் வட்டி! 20 வருடத்தில் கட்டும் வட்டி மட்டும் 29 லட்சத்துக்கு மேல். வாங்கிய கடனையே மிஞ்சிவிட்டது!

இப்போது நல்ல சேதி. போனஸ் வந்ததும் வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டிப் பாருங்கள். 3 வருடத்துக்கு மேல் முன்னதாகவே கடன் தீரும். மிச்சம் 5 லட்சத்துக்கு மேல்! மாறும் வட்டிக் கடன் என்றால் இதற்கு அபராதம் ஒரு பைசா கிடையாது!

முதல் வருட வட்டியே சுமார் 2.27 லட்சம். பழைய வருமான வரி முறையில் ஒருவருக்கு வட்டிக் கழிவு 2 லட்சத்தோடு நின்றுவிடும். பத்திரத்திலும் கடனிலும் இருவர் பெயரும் இருந்தால்? உச்சவரம்பு 4 லட்சம்!

வீட்டு முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், விற்பவருக்கு அதே அளவு தொகை அபராதமாக விழும்!

பாலக்காட்டில் மலிவாக வயல் கிடைக்கிறதா? உஷார்! 2008 நெல்வயல் சட்டத்தின் டேட்டா பேங்க் என்னும் வயல் பட்டியலில் அந்த சர்வே நம்பர் இருந்தால், நினைத்தபடி வீடு கட்ட முடியாது. வேறு வீடில்லாத நிலச் சொந்தக்காரருக்குச் சட்டம் தரும் சலுகை, பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட். அதற்கும் அனுமதி வேண்டும்!

ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள்ளா? வீடு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால், பிரதமர் வீட்டு வசதி 2.0 திட்டத்தில் 1.80 லட்சம் வரை வட்டி மானியம்! ஆனால் நகர்ப்புறத்துக்கு மட்டும். இடுக்கி மாவட்டம் முழுக்க இருக்கும் நகராட்சிகள் எத்தனை தெரியுமா? தொடுபுழா, கட்டப்பனை. இரண்டே இரண்டு!

அதே இடுக்கியின் மூணாறில், தேயிலைத் தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடு) கம்பெனிக்குச் சொந்தம். ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டும். ஆயுசு முழுக்க உழைத்தவருக்கும் சொந்தக் கூரை இல்லை! அங்கே வேலை பார்க்கும் இளஞ்ஜோடிகளே, இன்றே ஒரு சிட்டியில், அதாவது சீட்டில், சேருங்கள். கேரள அரசின் கே.எஸ்.எப்.இ. 1969-லிருந்து சிட்டி நடத்துகிறது!

கடனை முழுசாகக் கட்டி முடித்துவிட்டீர்களா? 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால், ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு அது தர வேண்டிய தொகை 5,000 ரூபாய்!