திரைக்குள் இன்னொரு மேசை

மாலை மயங்கும் நேரத்தில் கோவை சரவணம்பட்டியில் ஆபீஸ் கேப்புக்குக் காத்திருக்கும் இளைஞர்களில் பலர் ஏ.ஆர். காலர்கள். அமெரிக்காவில் ஆஸ்பத்திரி அனுப்பிய பில்லுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி ஏன் பணம் தரவில்லை என்று போன் போட்டுக் கேட்டு, காரணத்தைக் குறித்து, மறுபடி அனுப்ப வழி செய்வது இவர்கள் வேலை. அங்கே பொழுது விடியும்போது இங்கே ஷிப்ட் தொடங்கும். கேப் வராத நாட்களில் வீட்டிலிருந்தே வேலை; கையில் இருப்பது பதினான்கு அங்குல லேப்டாப்.

ஒரே ஒரு க்ளெய்மை முடிக்க என்னென்ன திறக்க வேண்டும் என்று அப்படி ஒரு தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். போன் பேசும் டயலர். நோயாளியின் கணக்கு இருக்கும் பில்லிங் சாஃப்ட்வேர். இன்சூரன்ஸ் கம்பெனியின் இணையதளம். நிராகரித்து வந்த கடிதம், பி.டி.எஃப். வடிவில். நோட்ஸ் எழுதும் பக்கம். அன்றைய கணக்கை ஏற்றும் எக்செல். டீம் லீடர் கூப்பிடும் சாட். மொத்தம் ஏழு விண்டோ. மறுமுனையில் அமெரிக்கப் பெண்மணி உறுப்பினர் எண்ணைக் கேட்டதும் தம்பி ஆல்ட்-டேப், ஆல்ட்-டேப் என்று தட்டிக்கொண்டே போனார். எக்செல் வந்தது, சாட் வந்தது, மறுபடி டயலர் வந்தது. எண் இருந்த பக்கம் கடைசியாக வந்தது.

"ஒண்ணும் தொலைஞ்சு போகலீங்கண்ணா. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்குது. எதுக்குப் பின்னால எது கெடக்குதுன்னுதான் தெரிய மாட்டேங்குது" என்றார்.

இந்தச் சிக்கலை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. பதினான்கு அங்குலத் திரையின் பரப்பு சுமார் 540 சதுர சென்டிமீட்டர். நான்கடிக்கு இரண்டடி ஆபீஸ் மேசையின் பரப்பு 7,200 சதுர சென்டிமீட்டருக்கு மேல். அதாவது, காகிதத்தில் கணக்குப் பார்த்த குமாஸ்தா பதிமூன்று திரைக்கு மேற்பட்ட பரப்பில் விரித்து வைத்துச் செய்த வேலையை இந்தத் தம்பி ஒரு திரைக்குள் அடுக்கி அடுக்கிச் செய்கிறார்.

அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஸ்டூவர்ட் கார்டு, ஆஸ்டின் ஹெண்டர்சன் என்ற இருவர் 1986-ல் இதற்குத் தீர்வு எழுதினார்கள். ஆபீஸ் மேசையோடு ஒப்பிட்டால் கணினித் திரை எவ்வளவு சிறியது என்பதிலிருந்துதான் அவர்களும் தொடங்கினார்கள். ஆனால் விடையை வேறொரு துறையிலிருந்து எடுத்தார்கள். அதுதான் என்னைக் கவர்ந்தது.

1968-ல் பீட்டர் டென்னிங் என்ற கணினி அறிஞர் நினைவகத்தைப் பற்றி ஒன்றைக் கவனித்திருந்தார். ஒரு நிரல் தன்னிடமுள்ள தரவு முழுவதையும் ஒரே நேரத்தில் தொடுவதில்லை. சிறிது நேரத்துக்கு ஒரு சிறு தொகுப்பையே திரும்பத் திரும்பத் தொடும். பிறகு வேறொரு தொகுப்புக்குத் தாவும். அப்போதைக்குத் தேவையான தொகுப்பு முழுவதும் நினைவகத்தில் இருந்தால் வேலை ஓடும். இடம் போதாவிட்டால், ஒன்றை வெளியே தள்ளி இன்னொன்றைக் கொண்டுவருவதிலேயே இயந்திரத்தின் நேரமெல்லாம் கரையும்.

மனிதர்கள் விண்டோக்களைக் கையாளுவதும் இப்படித்தான் என்று கார்டும் ஹெண்டர்சனும் காட்டினார்கள். ஒரு வேலைக்குச் சில விண்டோக்கள் சேர்ந்தே புழங்கும். வேலை மாறினால் அந்தக் கூட்டமே மொத்தமாக மாறும். தம்பி ஆல்ட்-டேப் தட்டித் தட்டி வீணாக்கிய நொடிகள், நினைவகம் போதாத இயந்திரம் வீணாக்கும் அதே நொடிகள்தான். ஆகவே விண்டோக்களை ஒவ்வொன்றாக மாற்றாமல் கூட்டம் கூட்டமாக மாற்றுவோம் என்றார்கள். தங்கள் மென்பொருளுக்கு 'ரூம்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அறை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கதவு. எல்லா அறைகளையும் ஒரே பார்வையில் காட்டும் வரைபடம். எந்த அறைக்குப் போனாலும் கூடவே வர வேண்டியவற்றைப் போட்டுக்கொள்ள ஒரு 'பாக்கெட்'. நெல் காயும் களத்தில் மாட்டைக் கட்டாத நம் தோட்டத்துக் குடியானவருக்கு, வேலைக்கு ஓர் இடம் என்பதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை.

பிறகு யூனிக்ஸ் கணினிகளில், அறை என்பதற்கு டெஸ்க்டாப், பணிப்பரப்பு என்று பல பெயர்களில் இது பரவியது. லினக்ஸ் பயன்படுத்துவோருக்குத் தொண்ணூறுகளிலேயே பழகிப்போனது. ஆப்பிள் 2007-ல் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸில் எல்லார் கண்ணிலும் படும்படி வந்தது 2015-ல், விண்டோஸ் 10-உடன்.

இந்த இடைவெளியில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிக் கதை உண்டு. 2011-ல் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது. பாஸ், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இந்திய லினக்ஸ். அதில் இருந்த க்னோம் இடைமுகத்துக்குப் பல பணிப்பரப்புகளைக் கையாளத் தெரிந்திருந்தது. அன்னூரிலும் காரமடையிலும் பிளஸ் டூ படித்த பிள்ளைகளின் மடிக்கு, விண்டோஸ் 10 வருவதற்கு நான்கு ஆண்டு முன்பே இந்த வசதி வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று விளாங்குறிச்சி டைடல் பார்க்கிலும் கீரணத்தம் ஐ.டி. வளாகத்திலும் வேலை பார்க்கக்கூடும். அன்று கணினி லேபில் ஒரு பீரியட் ஒதுக்கி இதைக் காட்டியிருந்தால் போதும், ஆயுளுக்கும் உதவியிருக்கும். இன்றைய பள்ளி லேபுக்கும் இதையே சொல்வேன்.

உள்ளே நடப்பது எளிமையானது. லினக்ஸில் நெடுங்காலமாகப் புழங்கும் எக்ஸ் விண்டோ முறையில் ஒவ்வொரு விண்டோவுக்கும் ஓர் எண் ஒட்டப்பட்டிருக்கும். முதல் டெஸ்க்டாப்புக்கு 0, இரண்டாவதுக்கு 1. நீங்கள் இரண்டாவதுக்குப் போனால் 1 என்று குறித்தவற்றை மட்டும் காட்டி மற்றவற்றை மறைத்துவிடும். 4294967295 என்று குறித்திருந்தால் அந்த விண்டோ எல்லா டெஸ்க்டாப்பிலும் தெரியும். 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அது. விண்டோஸிலும் இதேபோலத்தான். மறைந்திருக்கும் நிரல் தொடர்ந்து ஓடிக்கொண்டேதான் இருக்கும்; திரையில் மட்டும் தெரியாது.

அதனால் இரண்டு விஷயங்களில் ஏமாறக் கூடாது. டெஸ்க்டாப்பைப் பிரித்தால் ரேம் மிச்சமாகாது. நான்கு டெஸ்க்டாப்பில் நாற்பது டேப் திறந்து வைத்தால் நாற்பது டேப்பின் பாரமும் இருக்கும். அடுத்தது, இது ஒளிவிடமும் அல்ல. ஆபீஸ் லேப்டாப்பில் கண்காணிப்பு மென்பொருள் இருந்தால் அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

மனசுக்கு என்ன லாபம்? 2009-ல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர், ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று சோதனைகளில் காட்டினார். டெஸ்க்டாப்பை மாற்றினால் அந்த ஒட்டல் போய்விடாது. ஆனால் பழைய வேலையைக் கண்முன் வைத்து நினைவூட்டிக்கொண்டே இருப்பதாவது குறையும் என்பது என் எண்ணம். இன்னோர் ஆய்வு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அமெரிக்காவின் நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் கேப்ரியல் ரட்வான்ஸ்கி குழுவினர் கணினியில் வரைந்த அறைகளுக்குள் ஆட்களை நடக்கவிட்டு, கதவைத் தாண்டியதும் கையில் எடுத்து வந்த பொருளை அவர்கள் கூடுதலாக மறப்பதைக் கண்டார்கள். ஆஸ்திரேலியாவின் பாண்ட் பல்கலைக்கழக ஆய்வு 2021-ல், தலையில் ஏற்கெனவே சுமை கூடியிருந்தால்தான் இப்படி ஆகிறது என்றது. அறைகள் ஏகத்துக்கும் பெருகினால் வந்த காரியம் மறக்கும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். மூன்று போதும். நான்காவதைத் தொடங்கும்முன் ஒன்றை மூடிவிடுவது நல்லது.

பிரிப்பது எப்படி என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பிரவுசர் எல்லாம் ஒரு பக்கம், எக்செல் எல்லாம் இன்னொரு பக்கம் என்று மென்பொருள் வாரியாகப் பிரித்தால் முன்னைவிட அதிகம் அலைய வேண்டிவரும். சேர்ந்து புழங்குவது சேர்ந்து இருக்க வேண்டும். அந்தத் தம்பியிடம் பில்லிங் சாஃப்ட்வேர், இன்சூரன்ஸ் தளம், கடிதம், நோட்ஸ் நான்கையும் முதல் டெஸ்க்டாப்பில் ஆளுக்குக் கால் திரையாக வைக்கச் சொன்னேன். எக்செல்லும் சாட்டும் இரண்டாவதில். கன்ட்ரோல், விண்டோஸ், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புது டெஸ்க்டாப் வரும். கன்ட்ரோல், விண்டோஸுடன் இட வல அம்புக்குறியை அழுத்தினால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகலாம். விண்டோஸும் டேப்பும் அழுத்தினால் எல்லாம் வரிசையாகத் தெரியும். அங்கிருந்தே ஒரு விண்டோவைப் பிடித்து இன்னொன்றில் இழுத்துப் போடலாம். விண்டோஸ் 11-ல் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வால்பேப்பர் வைக்க முடிகிறது. எங்கே நிற்கிறோம் என்பது நிறத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

டயலர்தான் மிச்சம். அது இரண்டு இடத்திலும் வேண்டும். வரிசைக் காட்சியில் அதன்மேல் வலது கிளிக் செய்து, எல்லா டெஸ்க்டாப்பிலும் காட்டும்படி சொல்லலாம். ஆனால் எங்கே போனாலும் அது அதே அளவில் அதே இடத்தில்தான் நிற்கும். ரூம்ஸில் ஒரே விண்டோவை ஓர் அறையில் பெரிதாகவும் இன்னோர் அறையில் ஓரமாகச் சிறிதாகவும் வைக்க முடிந்தது. 1986-லேயே எழுதிவைத்த அந்த அருமையான வசதி விண்டோஸுக்கு இன்னும் வரவில்லை. அதுவரை டயலரைத் திரையின் வலது ஓரத்தில் ஒல்லியான பட்டையாக ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைச் சற்றுச் சுருக்கி அதன் இடப்பக்கம் அடுக்குவதே வழி.